கயிற்றைப் பிடிப்பது யார்?

முத்துக்குளித்துறையில் ஒரு வழக்கம் இருந்தது என்று தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலில் மூழ்குகிறவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான். கூடப் பிறந்த அண்ணன் அதே தோணியில் இருந்தாலும் கயிறு அவன் கைக்குப் போகாது. அண்ணன் தம்பிக்குள் பங்கு, பாகம் என்று எத்தனையோ மனக்கணக்கு இருக்கும். மைத்துனனுக்கு ஒரே கணக்குதான்: உடன்பிறந்தவளின் தாலி நிலைக்க வேண்டும். கீழே போனவன் கயிற்றைச் சுண்டினால் அந்தக் கணமே மேலே இழுத்தாக வேண்டும். அதற்குத் தோணியிலேயே பெரிய பலசாலி தேவையில்லை, கவனம் சிதறாத ஆள் தேவை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் கெட்டிக்காரனை எடுப்பதா, சேர்ந்து நிற்கத் தோதானவனை எடுப்பதா என்ற கேள்வி இன்று விளையாட்டுச் சங்கங்களின் தேர்வுக் குழுக்களில் வேறு வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் கேரம், ஸ்னூக்கர், பூல் போன்ற ஆட்டங்களில் அது தீராத வழக்கு. காரணம், இவை ஒற்றை ஆளின் ஆட்டங்கள். ஆண்டு முழுவதும் தனக்காக மட்டும் ஆடுகிறவரை, ஒரு வாரம் நாட்டுக்காக இன்னொருவரோடு சேர்ந்து ஆடச் சொல்கிறோம்.

ஹாக்கியில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. தூத்துக்குடி மாவட்டத்திலேயே கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கிருந்து போன மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடி வெண்கலத்தோடு திரும்பினார். ஹாக்கி கற்கும் பையன் முதல் நாளிலிருந்தே பந்தை அடுத்தவனுக்குக் கொடுக்கப் பழகுகிறான். தேர்வாளருக்கும் கோல்கீப்பர் இத்தனை, தடுப்பாட்டக்காரர் இத்தனை என்று இடம் பிரித்துக் கிடைக்கிறது. கேரம் பலகையில் அப்படி இடமும் இல்லை, பிரிவும் இல்லை. எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அப்படியானால் தரவரிசையில் முதல் நான்கு பேரை எடுத்துக்கொண்டு போனால் முடிந்தது அல்லவா?

முடியவில்லை என்பதற்கு உலகம் தரும் பெரிய சாட்சி பூல் ஆட்டத்தில் இருக்கிறது.

பூல் என்பது ஆறு பைகள் கொண்ட மேசையில் கோலால் பந்தை அடித்து விழுத்தும் ஆட்டம். அதில் தொழில்முறை வீரர்கள் அதிகம் ஆடுவது ஒன்பது பந்து வகை. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகள் இருக்கும். மேசையில் மிஞ்சியிருப்பதில் சிறிய எண்ணுள்ள பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாவதை முறைப்படி விழுத்தியவருக்கு அந்தச் சுற்று. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆளுக்கு ஐந்து பேரோடு இதில் மோதும் போட்டிதான் மொஸ்கோனி கோப்பை. 1994இல் இங்கிலாந்தில் தொடங்கியது. வில்லி மொஸ்கோனி என்ற பழைய அமெரிக்க வீரரின் பெயரைத் தாங்கியது. தனி ஆட்டம், இரட்டையர் ஆட்டம், அணி ஆட்டம் என்று மாறி மாறி நடக்கும். முதலில் 11 புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை. மற்றப் பூல் போட்டிகளில் அடிக்கும்போது பார்வையாளர்கள் மூச்சுக் காட்டமாட்டார்கள். இங்கே கூட்டம் பாட்டுப் பாடும், கத்தும், எதிரணிக்காரரைக் கேலி செய்யும்.

தொடக்க ஆண்டுகளில் கோப்பை பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போனது. பிறகு காற்று திசை மாறியது. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஐரோப்பா வென்றது. இத்தனைக்கும் அந்தக் காலம் முழுவதும் அமெரிக்க அணியில் ஷேன் வான் போனிங் இருந்தார். செவித்திறன் குறைவோடு பிறந்து, யு.எஸ். ஓப்பன் பட்டத்தை ஐந்து முறை வென்று, பின்னர் 2022இல் உலகச் சாம்பியனும் ஆன மனிதர். அவரைவிடத் திறமைசாலி அந்த நாட்டில் அப்போது இல்லை. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் டிசம்பரில் அமெரிக்க ரசிகர்கள் ஒரே ஒப்பாரிதான் வைத்தார்கள்: ஆட்கள் சரியில்லை, தேர்வு சரியில்லை, இவனுக்குப் பதில் அவனைப் போட்டிருக்க வேண்டும். (கிரிக்கெட் தோற்ற மறுநாள் நம் டீக்கடை பெஞ்சுகளில் நடப்பது அங்கேயும் நடக்கும் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.)

கடைசியில் அமெரிக்கர்கள் ஆட்களை விட்டுவிட்டுத் தலைவரை மாற்றினார்கள். 2017இல் அவர்கள் அழைத்து வந்தவர் யோகன் ரைசிங்க் என்ற நெதர்லாந்துக்காரர். ஐரோப்பிய அணிக்குத் தலைவராக இருந்து அமெரிக்காவைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தவர் இவரேதான். முதல் ஆண்டு 11-4 என்று பலத்த அடி. அடுத்த ஆண்டு லண்டனில் 11-9 என்று அமெரிக்கா வென்றது. 2019இல் லாஸ் வேகாஸில் 11-8 என்று மறுபடி வென்றது. வான் போனிங் அதே வான் போனிங்தான், மேசையும் அதே மேசைதான். யாரை யாரோடு சேர்ப்பது, யாரை முதலில் இறக்குவது, தோற்றவன் அருகில் யார் உட்காருவது என்பதில் ஒருவர் முழு நேரமும் மூளையைச் செலவிட்டதுதான் புதிது. 2020 முதல் 2024 வரை கோப்பை மீண்டும் ஐரோப்பாவிடமே போய்விட்டது. ஆகவே ரைசிங்கை மந்திரவாதி ஆக்கிவிட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குத் தரவரிசைப் பட்டியலை வைத்து மட்டும் யாராலும் விளக்கம் சொல்ல முடியாது.

பூலில் உண்மையான மந்திரவாதிப் பட்டம் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸுக்கு உரியது. ரசிகர்கள் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். நாட்டுக்கு இருவர் என்று ஆடும் உலகக் கோப்பைப் பூல் போட்டி 2006இல் வேல்ஸில் முதன்முதலாக நடந்தபோது அவரும் பிரான்சிஸ்கோ பஸ்டமாண்டேயும் சேர்ந்து ஆடிப் பட்டம் வென்றார்கள். 2009இல் மணிலாவில் இருவரும் மறுபடி வென்றார்கள். அந்தப் போட்டியில் ஒரு அடி இவர், அடுத்த அடி அவர் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இதில்தான் தனி ஆட்டக்காரர்கள் பலர் தடுமாறுகிறார்கள். தனியாக ஆடும்போது ஒரு பந்தை விழுத்தியதும் வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தன் கைக்கும் தன் பழக்கத்துக்கும் ஏற்றபடி தீர்மானிப்பார்கள். இருவராக ஆடும்போது அது அடுத்தவரின் கைக்கு ஏற்ற இடத்தில் நிற்க வேண்டும். கூட்டாளி இடக்கைக்காரரா, நீண்ட அடி அவருக்குப் பிடிக்குமா, பதற்றத்தில் வேகமாக அடித்துவிடுகிறவரா என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் இது முடியும். போதாததற்கு, இரண்டு அடிகளுக்கு நடுவே சும்மா நிற்க வேண்டும். அந்த நிற்பில் கை சூடு ஆறிவிடும்.

பூல் மேசை தென் மாவட்டங்களில் அரிது. கேரம் பலகைக்கு அந்தக் குறை இல்லை. விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் கடற்கரை ஊர் எதிலும் மாலையில் நடந்து பாருங்கள். மன்றத்துத் திண்ணையிலோ வலைக்கூடத்து நிழலிலோ ஒரு பலகை, மேலே தொங்கும் ஒரு விளக்கு, நாலு பக்கம் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் யோசனை சொல்ல எட்டுப் பேர். சர்வதேச விதிகளுக்கும் இந்தத் திண்ணைக்கும் பெரிய வித்தியாசம் அந்த எட்டுப் பேர்தான். போட்டி விதியில் கூட்டாளிக்குச் சாடை காட்டுவதே தப்பு.

கேரம் இரட்டையர் ஆட்டத்தின் நுட்பம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கூட்டாளிகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். நாற்காலியை நகர்த்தக் கூடாது, எழுந்து வந்து கோணம் பார்க்கக் கூடாது. காய் விழும்வரை ஒருவரே அடிக்கலாம். தவறினால் முறை அடுத்து உட்கார்ந்திருக்கும் எதிராளிக்குப் போகும். அதற்கடுத்ததுதான் கூட்டாளிக்கு. இப்போது ஒரு காய் உங்கள் கோட்டுக்குப் பின்னால், உங்கள் பக்கத்துக் குழியருகே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது தலைவலி. எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்கோ நேர் அடி. ஆகவே அதைத் தொடாமல் விட்டுவிட்டு, நடுவில் வழியை மறிக்கும் காயை அகற்றிக் கொடுப்பதே உங்கள் வேலை. கைத்திறனைக் காட்டும் ஆசையில் அதையே எட்டி அடித்துக் கெடுக்கிறவர் தனி ஆட்டத்தில் மன்னராக இருக்கலாம், இரட்டையரில் கூட்டாளிக்குச் சுமை. ராணியை எடுத்துவிட்டு ஃபாலோ போடாமல் விட்டால் வரும் நஷ்டமும், ஸ்ட்ரைக்கரைக் குழிக்குள் தள்ளினால் திருப்பி வைக்க வேண்டிய காயும் இருவர் கணக்கிலும்தான் ஏறும். ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு. அதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முறைத்துக்கொள்ளும் ஜோடி தேறாது.

இந்த ஆட்டத்தின் உலகத் தலைநகரம் என்று சென்னையைச் சொன்னால் அது ஊர்ப் பெருமைப் பேச்சு ஆகாது. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர் அவர். 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியில் வளர்ந்தவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா தனிநபர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் தந்தது. அடுத்த ஆண்டு மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டுப் பெண் கீர்த்தனா அதே மூன்றையும் வென்று வந்தார். வெற்றிமாறனின் ‘வட சென்னை’ படத்தில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வந்தது ஏன் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், இந்தப் பெயர்கள் புறப்பட்டு வந்த தெருக்களைப் பார்த்தால் தீர்ந்துவிடும்.

காசிமாவும் கீர்த்தனாவும் தனிநபரோடு இரட்டையரிலும் தங்கம் வென்றதைக் காட்டி, ‘திறமை இருந்தால் எல்லாம் தானாக வரும், பொருத்தம் என்பது வெறும் சாக்கு’ என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வட சென்னையின் சின்ன கிளப்புகளில் பலகைகள் குறைவு, ஆட்கள் அதிகம். ஒரு பலகையில் நாலு பேர் ஆடினால்தான் எல்லாருக்கும் முறை வரும். அங்கே இரட்டையர் ஆட்டம் ஒரு பாடமாக யாருக்கும் சொல்லித்தரப்படுவதில்லை, பசியைப் போல வந்து சேர்கிறது. வசதியான வீட்டில் சொந்தப் பலகையில் தனியாகப் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு இது கிடைக்காது.

இந்தியாவின் பலம் எல்லா நேரமும் செல்லுபடி ஆனதும் இல்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கை, 2012 உலகச் சாம்பியன் நிசாந்த பெர்னாண்டோவைத் தந்த நாடு. 2016இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் அணிப் பட்டத்தை அந்த நாடு நடப்புச் சாம்பியனான இந்தியாவிடமிருந்து பறித்துக்கொண்டது. இந்தியாவில் கேரம் ஆடுகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இலங்கை ஒரு சின்னத் தீவு. ஆள் எண்ணிக்கை அகலமான பட்டியலைத் தருகிறது. இறுதிப் போட்டிக்கு ஒரு கைப்பிடி பேர் போதும், அந்தக் கைப்பிடி பேர் யார் என்பதே விஷயம்.

இதைத் தமிழ்நாடு தன் கண்ணாலேயே பார்த்த இடம் மாமல்லபுரம்.

2022இல் அங்கே நடந்த செஸ் ஒலிம்பியாடில், போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்குக் கூடுதல் அணிகள் கிடைத்தன. தரப்புள்ளி அதிகம் உள்ளவர்கள் முதல் அணியில் சேர்ந்தார்கள். ஹரிகிருஷ்ணா, விதித் குஜராத்தி, அர்ஜுன் எரிகைசி, எஸ்.எல். நாராயணன், சசிகிரண் என்று பலத்த அணி. போட்டிக்கு முந்தைய தரவரிசையில் இரண்டாம் இடம். குகேஷ், பிரக்ஞானந்தா, நிகால் சரின், ரௌனக் சத்வானி என்ற பையன்களோடு அதிபன் சேர்ந்தது இரண்டாம் அணி. அதற்கு 11ஆம் இடம்தான் கொடுத்திருந்தார்கள். ஆர்.பி. ரமேஷ் அவர்களுக்குப் பயிற்சியாளர். 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். கடைசியில் இரண்டாம் அணிக்கு வெண்கலம், முதல் அணிக்கு நான்காம் இடம். தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் வரிசையில் 14ஆவதாக இருந்த அணி.

அதே போட்டியில் இன்னொரு சங்கதி. ஆர்மேனியாவின் பெரும்புள்ளியான லெவோன் அரோனியன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அந்த நாட்டு அணியில் ஆடினார். காகிதத்தில் அமெரிக்க அணிக்கு இணையே இல்லை. அது ஐந்தாவதாக முடித்தது. அரோனியனை இழந்த ஆர்மேனியா வெள்ளி வென்றது. சதுரங்கத்தில் நாலு பேரும் தனித்தனிப் பலகையில்தான் ஆடுகிறார்கள், ஒருவர் காயை இன்னொருவர் தொடுவதுகூட இல்லை. ஆனாலும் பக்கத்துப் பலகை தோற்கும் நிலையில் இருந்தால் இந்தப் பலகையில் சமனுக்குப் போவதா, வெற்றிக்குத் துணிவதா என்ற முடிவு மாறும். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு ஆடியபோது, நல்ல நிலையில் இருந்த குகேஷ் அப்துசத்தோரோவிடம் தோற்றதும் அந்தப் பாரத்தில்தான் என்று செஸ் ரசிகர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள். அதே குகேஷ் 2024இல் புடாபெஸ்டில் இந்திய அணி தங்கம் வெல்ல முதல் பலகையில் நின்றார். பொருத்தம் என்பது பிறவிக் குணமாக இருந்தால் இரண்டு ஆண்டில் இப்படி மாறியிருக்காது. அது பழகப் பழக வருவது.

ஸ்னூக்கருக்கு வருவோம். ஜபல்பூர் ராணுவ விடுதியில் 1875 வாக்கில் பிறந்து, 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி ஒட்டப்பட்ட ஆட்டம் என்பதால் இதிலும் தமிழ்நாட்டுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அந்த உரிமை 140 ஆண்டுகளுக்குப் பிறகுதான் பலித்தது. சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் உலக ஸ்னூக்கர் சாம்பியன் ஆனார். இறுதியில் அவரிடம் 3-2 என்று தோற்றவர், பெண்கள் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற ஹாங்காங்கின் இங் ஆன் யீ.

பலர் கவனிக்காமல் விட்டது அதற்கு முந்தைய கதையை. 2023இல் பாங்காக்கில் பெண்களுக்கான அணி உலகக் கோப்பை நடந்தபோது அனுபமாவும் இந்தூரின் அமீ கமானியும் இந்தியாவுக்காக ஆடினார்கள். இறுதியில் எதிரே நின்றவர்கள் இங்கிலாந்தின் ரியான் எவன்ஸும் ரெபெக்கா கென்னாவும். எவன்ஸ் 12 முறை உலகச் சாம்பியன். பெயர்களையும் பட்டங்களையும் தராசில் வைத்தால் இந்தியத் தட்டு மேலே பறக்கும். முடிவு 4-3, கோப்பை இந்தியாவுக்கு. தனிநபர் உலகப் பட்டம் அனுபமாவுக்கு இரண்டு ஆண்டு கழித்தே வந்தது. அணி ஆட்டம் தனித்திறமைக்குப் பின்னால் வரும் உபரி என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இவர் விஷயத்தில் அணிக் கோப்பைதான் முதலில் வந்தது.

ஆண்களிலும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2018 மார்ச்சில் தோஹாவில் ஸ்னூக்கர் அணி உலகக் கோப்பை இறுதியில் பங்கஜ் அத்வானியும் மனன் சந்திராவும் பாகிஸ்தானிடம் 0-2 என்று பின்தங்கினார்கள். இன்னொரு ஆட்டம் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கிருந்து 3-2 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு மியான்மரின் மாண்டலேயில் அத்வானி கூட்டாளியை மாற்றிக்கொண்டு ஆதித்யா மேத்தாவோடு ஆடி, தாய்லாந்தை வென்று மறுபடி பட்டம் கொண்டு வந்தார். கூட்டாளி மாறினாலும் வெல்லத் தெரிந்த ஆட்டக்காரர் அவர். அப்படிப்பட்டவர்கள் ஒரு தலைமுறைக்கு ஒருவர், இருவர்தான் கிடைப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது.

பொருத்தம், பொருத்தம் என்று பேசுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இந்திய டென்னிஸ் அதை 2012இல் நன்றாகவே அனுபவித்தது. லண்டன் ஒலிம்பிக்குக்கு லியாண்டர் பயஸோடு சேர்ந்து ஆட மகேஷ் பூபதியும் மறுத்தார், ரோகன் போபண்ணாவும் மறுத்தார். சங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டு இரண்டு ஜோடிகளை அனுப்பியது. பயஸுக்குத் துணையாக, தரவரிசையில் எங்கோ கீழே இருந்த விஷ்ணு வர்தன். மற்ற இருவரும் தனி ஜோடி. இரண்டு ஜோடிகளும் பதக்கத்தின் பக்கமே போகாமல் வெளியேறின. ‘எனக்கும் அவருக்கும் ஒத்துவராது’ என்ற பேச்சு தேர்வாளரின் அளவுகோலாகாமல் ஆட்டக்காரரின் பேரமாக மாறினால் இப்படித்தான் முடியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து சிபாரிசு. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் மாவட்ட அளவில் ஆடிய எந்தப் பிள்ளையின் தகப்பனுக்கும் முகம் மாறும். தரவரிசைக்கு ஒரு பெருங்குணம் இருக்கிறது: அதற்கு ஆள் முகம் தெரியாது. ஆட்டோ ஓட்டுநரின் மகளும் அதிகாரியின் மகளும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கிறார்கள். அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு ‘இவள் அணிக்குப் பொருந்தமாட்டாள்’ என்று ஒருவர் சொல்லலாம் என்றால், அதன்பின் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மொழி தெரியாது, யாரோடும் பேசமாட்டாள், வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று காரணங்களுக்கா பஞ்சம்? ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தரவரிசைப் பட்டியல்தான் ஒரே வக்கீல்.

ஆகவே முழுக்க முழுக்க ஒருவரின் விருப்பத்துக்கு விடுவதும் தப்பு, பட்டியலின் தலைப்பகுதியை அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதும் தப்பு. மொஸ்கோனி கோப்பைக்காரர்கள் பல ஆண்டு அடிபட்டு ஒரு நடுவழிக்கு வந்திருக்கிறார்கள். சில இடங்கள் தரவரிசைப்படி தானாக நிரம்பும், மீதியைத் தலைவர் தேர்ந்தெடுப்பார். தலைவர் யாரை எடுத்தார் என்பது ஊரறியத் தெரியும். தோற்றால் வசவும் அவருக்கே.

கேரத்துக்கும் ஸ்னூக்கருக்கும் இதை இன்னும் எளிமையாகச் செய்யலாம். பொருத்தம் என்பதை யாரோ ஒருவரின் மனத்தராசில் நிறுக்க வேண்டிய தேவையே இல்லை, ஆடவிட்டுப் பார்க்கலாம். தரவரிசையின் முதல் எட்டுப் பேரை ஒரு முகாமில் வைத்து, ஒவ்வொருவரையும் மற்ற எல்லாரோடும் ஜோடி சேர்த்து ஆடவிட்டால் 28 ஜோடிகள் வரும். எந்த ஜோடி பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டது, யாரோடு சேர்ந்தவர்கள் எல்லாருமே தங்கள் வழக்கமான ஆட்டத்தைவிட நன்றாக ஆடினார்கள் என்பது மதிப்பெண் தாளிலேயே தெரிந்துவிடும். இரண்டாம் கேள்விக்கு விடையாக வருகிற பெயர் பெரும்பாலும் பட்டியலின் உச்சியில் இருக்காது. அந்த ஆள்தான் அணியின் கடைசி இடத்துக்கு உரியவர். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டால் சிபாரிசுக்கும் வழியில்லை, புலம்பலுக்கும் இடமில்லை.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. 74 சென்டிமீட்டர் சதுரப் பலகைகள் நான்கும், போரிக் பவுடரும், ஒரு மண்டபமும் போதும். கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. ஆகவே வெளிநாட்டுப் பயிற்சியாளரும் ஆய்வுக்கூடமும் இதற்கு யாரும் கட்டித் தரப்போவதில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு செய்வது ஒன்றுதான் வழி. தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கேரமும் சேர்ந்துவிட்டது. அரசுப் பரிசும் கோடியைத் தொட்டுவிட்டது. பணம் வரும் இடத்தில் தேர்வுச் சண்டையும் வரும். சண்டை முற்றுவதற்கு முன்னால் விதியை எழுதி வைத்துவிடுவது நல்லது.

தெற்கே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கேரத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த உலகப் பட்டங்கள் இதுவரை பெரும்பாலும் வட சென்னையைச் சுற்றியே வந்திருக்கின்றன. தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல்பட்டினம், மணப்பாடு என்று கரை நெடுகப் பலகைக்கும் கைக்கும் குறைவில்லை. பிள்ளைகளுக்குக் கேரம் பழக்கும் மன்றத்துக்காரர்கள், அடுத்த தடைக்காலத்தில் தனிநபர் போட்டிக்குப் போடும் கோப்பையை இரட்டையருக்கும் அதே அளவில் போடட்டும். ஜோடியைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கட்டும். ஒரே தெருக்காரனோடு மட்டும் ஆடிப் பழகிய பையனும் பெண்ணும் முன்பின் தெரியாத கூட்டாளியோடு உட்காரக் கற்றுக்கொண்டால், மாநிலத் தேர்வாளர்களுக்கு இந்தக் கரையிலிருந்தும் பெயர்கள் போகும்.